சொந்தக்காரன் சொல்லும் எடை

எதையும் கையில் தூக்கிப் பார்க்காமல் நான் நம்ப மாட்டேன். பழைய சாமான் வாங்குகிறவனுக்கு வேறு வழி இல்லை. முலாம் பூசின இரும்பைப் பித்தளை என்று நீட்டுவார்கள். ஐந்து கிலோ இருக்கும் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்வார்கள், தூக்கினால் மூன்று. தராசு எல்லாம் பிறகுதான், முதலில் கை. என் வலது கை நாற்பது வருடத்தில் கால் கிலோ பிசகினதில்லை.

தொண்டையில் கட்டி என்று டாக்டர் சொன்னபோதும், எடுத்த பிறகு எனக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் படுத்தேன். கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார். கோலிக்குண்டு அளவு இருந்தது. கையை நீட்டினேன், தரவில்லை. இது என் தொண்டையில்தான் இருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கலாமென வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

அன்றிலிருந்து என்னிடம் இருப்பது மூச்சு மட்டும். பக்கத்தில் வந்து காது கொடுத்தால் நான் சொல்வது கேட்கும். நாலு அடி தள்ளி நின்றால், தொட்டிக்குள் வாயசைக்கிற மீன் நான்.

நான்கு மாதம் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். வெயில் காலையில் சுவரின் இந்த மூலையில் ஏறும், சாயங்காலம் அந்த மூலையில் இறங்கும். அதைப் பார்த்தபடியே மாத்திரை மயக்கத்தில் கண் செருகும். செருகினால் ஒரே கனவுதான். என் குரல் எனக்கு முன்னால் தெருவில் நடந்து போகிறது. அதற்கு உருவம் இல்லை. ஆனால் என் நீலச் சட்டையைப் போட்டிருக்கிறது. வீடு வீடாக நின்று கூவுகிறது. கதவுகள் சத்தமில்லாமல் திறக்கின்றன. ஆட்கள் ஓட்டைப் பாத்திரங்களை நீட்டுகிறார்கள். அதற்குக் கை கிடையாது, வாங்க முடியவில்லை. நான் பின்னாலேயே ஓடுகிறேன். சட்டையின் முதுகு தெரிகிறது, எட்டவே மாட்டேன் என்கிறது. விழித்தால், குழாயடியில் என் பெண்டாட்டி வாளியை நகர்த்துகிற சத்தம்.

உடம்பு தேறியதும் வண்டியை எடுத்தேன். பழைய மோட்டார் சைக்கிள். இடது பக்கம் ஒரு தகரத் தொட்டியை நானே வெல்டு வைத்து, அதற்குத் தனியாக ஒரு சக்கரமும் கொடுத்திருக்கிறேன். பதினெட்டுத் தெரு என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, கூவிக் கூவி என்னுடையதானது. ஓடாத ஃபேனும் அடி போன வாளியும் கட்டிலுக்கு அடியில் எனக்காகக் காத்துக் கிடக்கும். குரல் கேட்டால் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

குரலுக்குப் பதிலாக ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஹாரன் ஊரில் எல்லாரும்தான் அடிக்கிறார்கள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் எட்டிப் பார்த்தாள். "வழிதான் இருக்கே, போய்த் தொலையேன்யா!"

நான் கட்டிலில் கிடந்த நேரம் பார்த்து இன்னொருவன் உள்ளே நுழைந்திருந்தான். மூன்று சக்கர வண்டி, மேலே ஒலிபெருக்கி. முதலில் டிங்டாங் என்று மணி அடிக்கும். பிறகு ஒரு பெண் குரல், விமானம் புறப்படப் போகிறது என்கிற மாதிரி, "பழைய பொருட்கள் வாங்கப்படும்" என்று சொல்லும். அவனுக்கு டிங்டாங் என்றே பேர் விழுந்துவிட்டது. அவன் வண்டியில் என் வாடிக்கை வீட்டு ஃபேன் ஒன்று மல்லாந்து கிடந்தது. இறக்கையில் பச்சைப் பெயிண்ட், எனக்குத் தெரியாதா? இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் பதினெட்டுத் தெருவும் அவனுக்கு. எனக்கு ஜன்னலோரக் கட்டில்.

"எதுக்கு இப்படி வயித்தெரிச்சல் படுறீங்க? உங்க குரல்தான் எங்கிட்ட இருக்கே" என்றாள் பெண்டாட்டி.

இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், சமையலறையில் என்னை நிற்க வைத்து ஃபோனை வாய்க்கு நேரே நீட்டினாள். "எங்கே, தெருவில கூவுற மாதிரி கூவுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான். கூவுங்க."

கூவினேன். இரும்பு, பித்தளை, ஓடாத ஃபேனு, எரியாத அடுப்பு என்று வரிசையாகச் சொல்லி, செத்துப்போன பேட்டரியேய் என்று கடைசியில் இழுத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் உள்ளே பதிவாகிவிட்டது. குழாய் சொட்டுவதும்.

ஃபோனில் இருக்கிற குரல் தெருவுக்குக் கேட்க வேண்டுமானால் நடுவில் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதற்குக் கொக்கிடம் போனேன். மோட்டார் சைக்கிள்களுக்கு ஸ்பீக்கர் மாட்டிக் கொடுக்கிறவன். ஒரு காலை மடக்கி மறு முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றுதான் ஈயம் வைப்பான். உட்கார்ந்தால் கை நடுங்குமாம். பேருக்கு அதுதான் காரணம்.

அவன் கடை நீளமான ஒரு பொந்து. கூரை முழுக்க ஒயர் தொங்கும். காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி இந்தப் பக்கம் வரும். சிவப்பும் பச்சையுமாகப் பொடி விளக்குகள் இருட்டில் கண் சிமிட்டும். உள்ளே நின்றால் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்குத் தூக்கம் வந்தது. ஏமாற்றுகிற இடங்களில் எல்லாம் இப்படித்தான் தூக்கம் வர வைப்பார்கள் என்று நினைத்து முழித்துக்கொண்டேன்.

கொக்கு பலகைமேல் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று சோப்புப் பெட்டி அளவு. இன்னொன்று செங்கல் மூன்றை அடுக்கின மாதிரி, சுற்றிலும் அலுமினிய விலா எலும்பு.

"அண்ணே, உங்க வண்டிக்கு இந்தச் சின்னதுதான்" என்றான்.

தூக்கினேன். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கால் கிலோ வராது. அவன் காதருகே போய், "உள்ள என்ன வெச்சிருக்க, காத்தா?" என்றேன்.

"காலம் மாறிப்போச்சுண்ணே. இப்பல்லாம் கனம் தேவையில்ல."

"நானூறு வாட்டுன்னு போட்டிருக்கே?"

"அது பொய். இங்க பாருங்க, பத்து ஆம்பியர் ஃபியூஸ். இத வெச்சுக்கிட்டு நானூறு எங்கேருந்து வரும்? நூறு வந்தாலே பெரிசு. ஆனா உங்களுக்கு அது போதும்."

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. விற்க வந்தவன் தன் சரக்கில் எழுதியிருப்பது பொய் என்று தானே சொன்னால், அதைவிடப் பெரிய பொய் ஒன்றைப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பெரியதைத் தூக்கினேன். நாலரை கிலோ. அலுமினியம் இரண்டு, உள்ளே செம்புக் கம்பி ஒன்று, மிச்சம் இரும்பு. ஓடாமல் போனாலும் எடைக்குப் போடலாம்.

"அது வேணாம்ணே. சும்மா நின்னாலே கரண்ட்டக் குடிக்கும். நீங்க தெருவில ஆமை மாதிரி போறவரு. மெதுவா ஓட்டினா பேட்டரிக்குச் சார்ஜே ஏறாது. நடுவழியில படுத்துக்கும்."

"போட்டுக் காட்டு, ரெண்டையும்."

முதலில் சோப்புப் பெட்டி. அதற்குப் புனல் ஸ்பீக்கரை மாட்டி, ஃபோனைத் தட்டினான்.

யாரோ ஒருவன் கூவினான். மூக்கால் பேசுகிறவன். ஒல்லியான, அவசரக்காரக் குரல். தகரத்தில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி. அவன் போய் என் இரும்பை, என் பித்தளையை, என் பேட்டரியைச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் என் பெண்டாட்டி சிரித்தாள். எவன் கூவுவதற்கோ இவள் சிரிக்கிறாளே என்று ஒரு கணம் ரத்தம் சூடேறியது.

"யார்ரா இந்த ஆளு?" என்றேன்.

"நீங்கதாண்ணே."

"இது குரலையே மாத்திடுது. எடு அதை. பெருசப் போடு."

பெரியதில் வட்ட ஸ்பீக்கரை மாட்டினான். அடிச்சத்தத்தை, அந்த பேஸை, கூட்ட ஒரு குமிழ் இருந்தது. திருகு, திருகு என்று சைகை காட்டினேன். மெல்ல மெல்ல அந்த மூக்குக்காரன் கரைந்து போனான். கிணற்று ஆழத்திலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. என் எலும்புக்குள் நாற்பது வருடம் கேட்ட குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கொக்கு பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

"இதுதான் நான்" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்று காலை மாற்றி நின்றான்.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. தெருவின் அந்தக் கோடி தெரியவில்லை. தொட்டிக்குள் வட்ட ஸ்பீக்கர், அதற்குக் கீழே நாலரை கிலோ. எங்கள் தெருமுனை திரும்பும் இடத்தில்தான் எப்போதும் முதல் கூவல். அங்கே ஃபோனைத் தட்டினேன்.

குரல் பனிக்குள் போனது. நான் அதன் பின்னால் போனேன். கனவில் பார்த்த தெருதான், அதே வெள்ளை, அதே மெதுவு. ஆனால் இந்த முறை அது என்னை விட்டு ஓடவில்லை, கைக்கு எட்டுகிற தூரத்திலேயே நடந்தது. சக்கரம் தரையைத் தொடுகிற மாதிரியே இல்லை. ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நடுங்கி அடங்கின. ஒரு நாய் எழுந்து நின்று, எந்தப் பக்கம் குரைப்பது என்று தெரியாமல் மறுபடி படுத்தது. நான் சிரித்துக்கொண்டே போனேன். ஐந்து தெரு தாண்டினபிறகுதான் ஒரு கதவும் திறக்கவில்லை என்பது உறைத்தது.

பனி, யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்தாவது தெருவில் பனி விலகி வெயில் வந்தது. கதவு வரவில்லை. பதினோராவது தெருவில் என் குரலுக்கு விக்கல் எடுத்தது. இரும், இரும் என்றது. பித், என்றது. அப்புறம் எதுவுமே இல்லை. இன்ஜினும் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. ஆம்ப்ளிஃபயரைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. கொக்கு சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்பதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

தொட்டியோடு வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். பத்தடிகூட நகரவில்லை. அப்போதுதான் பின்னால் டிங்டாங்.

"என்ன பெரியப்பா, படுத்துக்குச்சா?" என்று இறங்கி வந்தான். பல்லெல்லாம் சிரிப்பு. நக்கலா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கயிற்றை எடுத்துக் கட்டினான்.

"உங்களதுதானா அது? ரெண்டு தெரு தள்ளியே கேட்டுச்சு. ஏதோ கழிவுநீர் லாரி ஓசை போடுதுன்னு நெனச்சேன்."

"கூவினது புரியலையா?"

"என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

கையை விரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். ஒலிபெருக்கியை நிறுத்தவில்லை, அவனுக்குத் தொழில். பழைய பொருட்கள் வாங்கப்படும் என்று அந்த விமானக்காரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பின்னால் கயிற்றில் கட்டி நான் போனேன். அதைப் பார்க்கத்தான் கதவெல்லாம் திறந்தது.

பெண்டாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் நான் கிளம்பும்போது எங்கே நின்றாளோ அங்கேயே.

"எங்க போயிட்டீங்க? இவ்வளவு நேரமா நான் வாசல்லயே நிக்கறேன்."

"முனையில கூவினேனே. கேக்கலையா?"

"முனையில என்னமோ உறுமுச்சு. நீங்க கூவல. கூவியிருந்தா நான் தாழ்ப்பாளப் போட்டுட்டு உள்ள போயிருப்பேனே."

அவள் அப்படித்தானாம். நான் தெருமுனை திரும்பி முதல் கூவல் போட்டால், வண்டி நல்லபடியாகக் கிளம்பிவிட்டது என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாளாம். இத்தனை வருடமும் அதைச் சொன்னதில்லை, இன்றுதான் சொல்கிறாள்.

"அது நான்தான்டி" என்றேன்.

"அது நீங்க இல்ல." ஃபோனைப் பிடுங்கி, எந்தப் பெட்டியும் இல்லாமல் வெறுமனே தட்டினாள். அந்த மூக்குக்காரன் கூவினான். "இதுதான் நீங்க."

"இந்த மூக்கால பேசுறவனா?"

"நாப்பது வருஷமா மூக்காலதானே பேசுறீங்க. பொண்ணு பாக்க வந்தப்ப சளி புடிச்சிருக்குன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தச் சளி போகவே போகாதுன்னு."

எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் ஜன்னலோரக் கட்டிலில் போய்ப் படுத்தேன். வெயில் சுவரில் நடந்துகொண்டிருந்தது. கொக்கு சொன்னான், அந்த மூக்குக்காரன்தான் நான் என்று. பெண்டாட்டியும் அதையே சொல்கிறாள். பெரிய பெட்டியின் குரல் டிங்டாங்குக்கு லாரி. எல்லாரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுவதாக வைத்துக்கொண்டாலும், கதவுகள்? பதினோரு தெருக் கதவும் பேசி வைத்துக்கொள்ளுமா?

கண் செருகி, நீலச் சட்டை கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி விழித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வாசலில் வந்து பாத்திரத்தை நீட்டி, ஐந்து கிலோ இருக்கும் என்கிறானே ஒருவன். அவன் பொய் சொல்வதில்லை. அவன் வீட்டில் கிடந்த பாத்திரம், தினமும் தூக்கின பாத்திரம், அவனுக்கு அது ஐந்துதான். நான் மட்டும்தான் மூன்று என்பேன். சொந்தக்காரன் சொல்லும் எடையை நான் ஒருநாளும் நம்பினதில்லை.

இந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் யார்?

எழுந்து சட்டையை மாட்டி, பெரிய ஆம்ப்ளிஃபயரையும் வட்ட ஸ்பீக்கரையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். "கிளம்பு. கொக்கு கடைக்கு."

"நான் எதுக்கு?"

"எடை பாக்க."

கொக்கு பெரிய ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துவிட்டுக் காலை மாற்றி நின்றான். நான் ஏற்பாடு சொன்னேன். அவள் கடையிலிருந்து தெருமுனை வரை நடந்து போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இரண்டு பெட்டியையும் போடுவோம். எது முதலில் என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

"அண்ணிமேலகூடவா நம்பிக்கை இல்ல?" என்றான் கொக்கு.

"உன்மேலயும் இல்ல. போடு."

அவள் போய் நின்றாள். சாயங்கால வெயில் தெருவை நிறைத்திருந்தது. தூசி மஞ்சளாக மிதந்தது. அவள் உருவத்தின் கோடு மட்டும் தெரிந்தது, மிச்சமெல்லாம் வெளிச்சம். பெரியதைப் போட்டோம். என் நெஞ்சுக்குள் கேட்கிற அதே குரல், கிணற்று ஆழத்திலிருந்து. அவள் விளக்குக் கம்பம் மாதிரி நின்றாள். தலைகூட அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்கச் சொன்னேன். ம்ஹூம்.

சின்னதுக்கு ஒயரை மாற்றினான். புனலைத் தெருப்பக்கம் திருப்பினான். மூக்குக்காரன் ஆரம்பித்தான். இரும்பு, என்றான்.

அவள் திரும்பவில்லை. ஆனால் வலது கை மட்டும் மேலே போனது. அந்தரத்தில், அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே, இல்லாத ஒன்றைப் பிடித்து இடமிருந்து வலமாகத் தள்ளியது. எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் அந்த உயரம்தான், அந்தப் பக்கம்தான். அவளுக்கே தெரியாமல் அந்தக் கை தெருவையே சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கீழே இறங்கியது.

நான் நம்புவது கையை. அது என்னுடைய கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

"சின்னதையே மாட்டு" என்றேன்.

அவள் திரும்பி வந்து, "தம்பி, அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டிடுங்க. தெருவெல்லாம் கேக்கும், மானம் போகுது" என்றாள். கொக்கு ஃபோனை எடுத்தான். நான் அதை அவன் கையிலிருந்து எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளும் பனி. ராத்திரி சார்ஜ் ஏற்றின பேட்டரியோடு போய்த் தெருமுனையில் ஃபோனைத் தட்டினேன். பின்னால் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா, சொல்ல முடியாது. மூக்குக்காரன் முன்னால் போனான். நீலச் சட்டைக்காரன் இல்லை இவன். எனக்குத் துளிகூடப் பழக்கமில்லாத ஆள். அவன் பாட்டுக்குக் கூவினான், பெண்டாட்டி சிரித்தாள், குழாய் சொட்டியது, மறுபடி முதலிலிருந்து. நான் ஆமை மாதிரி அவன் பின்னாலேயே போனேன்.

மூன்றாவது தெருவில் பனிக்குள் ஒரு கதவு திறந்தது. பிறகு எதிர்வரிசையில் ஒன்று. கனவில் திறந்த மாதிரியே மெதுவாக. ஆனால் இந்தக் கீல்கள் கிறீச்சிட்டன. வெல்டிங் பட்டறைக்காரன் மனைவி இடுப்பில் ஒரு ஃபேனை வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கய்யா போயிட்டீங்க இத்தனை நாளா? உங்களுக்குன்னு எடுத்து வெச்சு, தினமும் கால்ல இடிச்சுக்கறேன். ஆமா, அது யாரு சிரிக்கிறது?"

கையை நீட்டினேன். ஃபேனைக் கொடுத்தாள்.

"எட்டு கிலோ இருக்கும்" என்றாள்.

தூக்கினேன். "ஆறரை."

"என்னது?"

அவள் காதருகே குனிந்தேன். "ஆறரை."

அவள் புனலைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "பாத்தியாடி இவர? கூப்பிடும்போது தெருவே அதிருது. எடை சொல்லும்போது மட்டும் குரல் போயிடுது."